ஊருக்குச் சொந்தமான மின்சாரத்தில் வாஷிங்டனுக்கு என்ன வேலை?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் தனியார் நிறுவனம் ஒன்றுகூடக் கிடையாது. நகராட்சி, மாவட்ட மின்வாரியம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவைதான் மாநிலம் முழுக்க. பெரிய வாரியங்களின் நிர்வாகக் குழுவை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணத்தை அந்தக் குழுவே முடிவு செய்கிறது. எல்லாமே தனியார் கையில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் இப்படியொரு மாநிலம்.

சரி, இந்த வாரியங்கள் மீது வாஷிங்டனில் இருக்கும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு என்ன அதிகாரம் உண்டு? துறைக்காரர்கள் இந்த ஆணையத்தைச் சுருக்கமாக ஃபெர்க் என்பார்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்தால், ஏறக்குறைய எதுவும் இல்லை என்றுதான் இருக்கும். நடைமுறையில் பார்த்தால் கணிசமாக உண்டு. இந்த இரண்டு பதில்களும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன என்பதுதான் கதை. கதைக்கு நடுவில் ஓடுவது ஒரு கம்பி. ஊர் மின்சாரத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் கம்பி ஊர் எல்லையோடு நிற்பதில்லை.

யாரெல்லாம் மின்சாரம் விற்கிறார்கள்

அமெரிக்காவில் பத்தில் ஏழு வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தருபவை பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் நிறுவனங்கள். மீதிப் பேருக்குத் தருபவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு வகை.

ஒன்று, ஊருக்கோ மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ சொந்தமான பொது மின்நிறுவனங்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தண்ணீர், மின்சாரத் துறை, சியாட்டில் சிட்டி லைட், டெக்சஸில் ஆஸ்டின் எனர்ஜி போன்றவை பெரியவை. மற்றபடி பெரும்பாலானவை சில ஆயிரம் வீடுகளுக்கு விளக்கெரிய வைக்கும் சிற்றூர்த் துறைகள்.

இரண்டாவது, கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்கள். நம்மூர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர் உறுப்பினர் என்றால், இங்கே மின்சாரம் வாங்குகிறவர் உறுப்பினர். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மைலுக்கு இரண்டு வீடு இருக்கும் இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் ஒதுங்கிக்கொள்ள, மத்திய அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து விவசாயிகளையே சங்கம் அமைக்கவைத்தது. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்தச் சங்கங்களில் பல இன்றும் நடக்கின்றன.

இவர்களுக்குப் பின்னால் மத்திய அரசும் நேரடியாக நிற்கிறது. 1933-இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டிவிஏ, தென்கிழக்கில் ஏழு மாநிலங்களைத் தொடும் அளவுக்குப் பெரியது. வடமேற்கில் கொலம்பியா ஆற்று அணைகளின் மின்சாரத்தை விற்பதற்காக 1937-இல் உருவானது பான்வில் மின் நிர்வாகம். அந்தப் பகுதியின் உயரழுத்தக் கம்பிகளில் முக்கால்வாசி இதன் கையில்தான். இந்த இரண்டு பெயர்களும் பின்னால் மறுபடி வரும்.

1927-இல் விழுந்த ஓட்டை

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருந்த ஒரு மின்நிறுவனம், எல்லை தாண்டி மாசசூசெட்ஸில் இருக்கும் ஆட்டில்பரோ ஊரின் நிறுவனத்துக்கு மொத்த விலைக்கு மின்சாரம் விற்றது. ஒப்பந்தத்தில் போட்ட விலை கட்டுப்படியாகவில்லை என்று ரோட் ஐலண்டின் ஆணையம் விலையை உயர்த்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலம் தாண்டும் வியாபாரத்தில் எந்த மாநிலமும் விலை வைக்க முடியாது என்று 1927-இல் தீர்ப்பு வந்தது. விற்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் இல்லை, வாங்கும் மாநிலத்துக்கும் இல்லை. மத்திய அரசுக்கு இருக்கிறதா என்றால், அப்படி ஒரு சட்டமே அப்போது இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1935-ஆம் ஆண்டின் மத்திய மின்சாரச் சட்டம். அது வேலையை இரண்டாகப் பிரித்தது. வீட்டுக்கும் கடைக்கும் விற்கும் சில்லறை மின்சாரம் மாநிலத்தின் பொறுப்பு. நிறுவனத்துக்கு நிறுவனம் நடக்கும் மொத்த விற்பனையும், மாநிலம் கடந்து மின்சாரம் செலுத்துவதும் மத்திய ஆணையத்தின் பொறுப்பு. விலை “நியாயமானதாகவும் பொருத்தமானதாகவும்” இருக்க வேண்டும் என்பது அளவுகோல். அந்த நாளைய ஆணையத்தின் இடத்துக்கு 1977-இல் வந்ததுதான் ஃபெர்க். ஐந்து உறுப்பினர்கள், ஆளுக்கு ஐந்தாண்டுக் காலம். ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது.

அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவில் எஃப் என்ற உட்பிரிவு ஒன்று இருக்கிறது. மத்திய அரசு, மாநிலங்கள், மாநிலத்தின் எந்த உட்பகுதி, அவற்றின் வாரியங்கள், முகமைகள் எதற்கும் இந்தப் பகுதியின் விதிகள் பொருந்தாது, பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ஒழிய. இதுதான் பொது மின்நிறுவனங்களின் கவசம். 2005-இல் கூட்டுறவுச் சங்கங்களையும் இதற்குள் எழுத்துபூர்வமாகச் சேர்த்தார்கள். கிராமப்புற மின்கடன் வாங்கிய சங்கம், அல்லது ஆண்டுக்கு 400 கோடி யூனிட்டுக்குக் குறைவாக விற்கும் சங்கம் என்றால் விலக்கு.

ஏன் இந்தச் சலுகை? 1930களின் பயமே வேறு. நிறுவனத்தின் மேல் நிறுவனம், அதன் மேல் இன்னொரு நிறுவனம் என்று அடுக்கிய தனியார் சாம்ராஜ்யங்கள் அப்போது நாட்டின் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருந்தன. சிகாகோவின் சாமுவேல் இன்சல் கட்டிய அடுக்கு 1932-இல் சரிந்து, சேமிப்பைப் போட்ட லட்சக்கணக்கானோர் நட்டப்பட்டார்கள். அதே ஆண்டு தேர்தல் பிரசாரத்தில் ரூஸ்வெல்ட், தனியார் விலை நியாயமா என்று அளந்து பார்க்க அரசு மின்சாரம் வேண்டும் என்று பேசினார். நோயாகத் தெரிந்தது தனியார், மருந்தாகத் தெரிந்தது ஊர் மின்சாரம். மருந்துக்கு எதற்கு போலீஸ் காவல்? போதாததற்கு, ஊர்க்காரனே முதலாளி, அவனே வாடிக்கையாளன். விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் குழுவை மாற்றிவிடலாம்.

இந்த வாதம் ஊருக்குள் நன்றாக நிற்கிறது. ஊருக்கு வெளியே விற்கும்போதுதான் ஆட்டம் காண்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் தன் உபரி மின்சாரத்தைச் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் அதிக விலைக்கு விற்றால், வாங்குகிறவருக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஓட்டு இல்லையே.

எல்போ லேக் கேட்ட கம்பி

முதல் உரசல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மினசோட்டாவில் எல்போ லேக் என்று ஒரு சின்ன ஊர். ஆட்டர் டெய்ல் என்ற தனியார் நிறுவனம்தான் அங்கே மின்சாரம் தந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும், இனி நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்றது ஊர். மத்திய அரசின் அணைகளிலிருந்து மலிவாக மின்சாரமும் கிடைக்கும். ஆனால் அது ஊருக்கு வர ஆட்டர் டெய்லின் உயரழுத்தக் கம்பியில்தான் வர வேண்டும். “எங்கள் கம்பியில் அடுத்தவன் மின்சாரத்தை ஏற்ற மாட்டோம்” என்பது நிறுவனத்தின் நிலை. 1935 சட்டத்தில் கம்பியைத் திறந்துவிடச் சொல்லும் அதிகாரத்தை நாடாளுமன்றம் கொடுக்கவில்லை, ஆகவே ஆணையத்தாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. கடைசியில் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, 1973-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மறுப்பு தவறு என்றது.

இந்த வழக்கை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. மத்திய அதிகாரம் என்றாலே ஊர் வாரியங்களுக்கு எதிரி என்ற எண்ணம் தவறு. சிற்றூர் வாரியங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக உயரழுத்தக் கம்பியே கிடையாது. பெரிய தனியார் நிறுவனத்தின் கம்பியை ஃபெர்க் திறந்துவைத்தால்தான் அவற்றுக்கு வாழ்வு. தங்கள்மேல் ஆணையத்தின் கை படக்கூடாது, பக்கத்து நிறுவனத்தின் மேல் நன்றாகப் படவேண்டும். இதில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறதுதான், ஆனால் நியாயமும் இருக்கிறது.

1992-இல் நாடாளுமன்றம் கம்பியைத் திறக்கச் சொல்லும் அதிகாரத்தை, ஒவ்வொரு விண்ணப்பமாக, உருப்படியாகக் கொடுத்தது. 1996-இல் ஃபெர்க் தன் 888-ஆம் உத்தரவைப் போட்டது. தனியார் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் கம்பியைத் தாங்களே எந்த விலைக்கு, எந்த விதிக்குப் பயன்படுத்துகின்றனவோ, அதே விலைக்கு, அதே விதிக்குப் பிறருக்கும் தர வேண்டும். அமெரிக்க மின்சார வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் குறைவு.

பொது நிறுவனங்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆனால் ஃபெர்க் அதில் ஒரு நிபந்தனையைச் செருகியது. தனியார் கம்பியைத் திறந்த விதியின்படி நீ பயன்படுத்தினால், அவர் கேட்கும்போது உன் கம்பியையும் அதேபோல் தர வேண்டும். தராவிட்டால் அவர் உனக்கு மறுக்கலாம். கட்டாயம் இல்லை, கொடுக்கல் வாங்கல் மட்டும்தான். சட்டத்தில் இல்லாத அதிகாரம் நடைமுறையில் நுழையும் சுற்றுவழிகளில் முதலாவது இது.

மண்டல அமைப்புகள்

கம்பியைத் திறந்துவிட்டால் மட்டும் போதவில்லை. ஒரு ஊரிலிருந்து நானூறு மைல் தள்ளி மின்சாரம் போக வேண்டும் என்றால் ஐந்து நிறுவனங்களின் கம்பியைக் கடக்க வேண்டியிருக்கும், ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கட்டணம். தவிர, மின்சாரம் காகிதத்தில் எழுதிய வழியில் போவதில்லை. தடை குறைவான எல்லாப் பாதையிலும் பிரிந்து ஓடும். ஒப்பந்தத்தில் பெயரே இல்லாத ஆறாவது நிறுவனத்தின் கம்பியும் சூடாகும்.

பக்கத்துப் பக்கத்து நிறுவனங்கள் கூடிப் பேசும் வழக்கம் பழையதுதான். பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் இருந்த மூன்று நிறுவனங்கள் 1927-இலேயே உற்பத்தியைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டன. பின்னால் மேரிலாந்தும் சேர, மூன்று மாநிலங்களின் முதலெழுத்துகளைக் கொண்ட பிஜேஎம் உருவானது. தென்மேற்கு மின்கூட்டமைப்பின் கதை இன்னும் சுவாரசியம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல், ஆர்கன்சாவில் அலுமினிய ஆலை ஒன்றுக்கு விடாமல் மின்சாரம் வேண்டியிருந்தது. விமானம் கட்ட அலுமினியம் வேண்டுமே. எந்த ஒரு நிறுவனத்தாலும் தனியாகத் தர முடியாததால் பதினொரு நிறுவனங்கள் கூடின. போர் முடிந்தும் கூட்டமைப்பு கலையவில்லை. இதன் சுருக்கப் பெயர் எஸ்பிபி. நமக்குப் பாடகர்தான் நினைவுக்கு வருவார், என்ன செய்வது.

1993-இல் ஃபெர்க், மண்டல மின்செலுத்தல் குழுக்கள் அமைக்கலாம் என்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தனியார், ஊர் வாரியம், கூட்டுறவு, சுயேச்சை உற்பத்தியாளர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து புதுக் கம்பி எங்கே வேண்டும் என்று திட்டமிடலாம், தகராறுகளைத் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்பது யோசனை. அந்தக் குழுக்கள் பெரிதாக வளரவில்லை. 1999 டிசம்பரில் வந்த 2000-ஆம் உத்தரவு அடுத்த படிக்குப் போனது. கம்பியின் உரிமை நிறுவனத்திடமே இருக்கட்டும், இயக்கத்தைச் சுதந்திரமான மண்டல அமைப்பிடம் ஒப்படையுங்கள் என்றது.

அப்படி வந்தவைதான் இன்றைய மண்டல மின்செலுத்தல் அமைப்புகள். இவை லாபநோக்கற்றவை, சொந்தமாகக் கம்பியோ மின்நிலையமோ கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்த மின்நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும். மலிவான மின்சாரம் முதலில், விலை கூடியது பிறகு, கம்பி தாங்கும் அளவுக்கு மட்டும். நாளைய மின்சாரத்துக்கு இன்றே ஏலம். புதுக் கம்பிக்குத் திட்டம், அதன் செலவைப் பங்கிடும் கணக்கு. பிஜேஎம்தான் இதில் பெரியது, 13 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் தொடுகிறது. மத்திய மேற்கில் மைசோ, சமவெளியில் எஸ்பிபி, கலிபோர்னியா, நியூயார்க், நியூ இங்கிலாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள். டெக்சஸின் பெரும்பகுதி தன் கம்பிகளைப் பிற மாநிலங்களோடு ஒத்திசைவில் இணைக்காமல் ஒதுங்கியே இருப்பதால், அங்கே விலை விஷயத்தில் ஃபெர்க்குக்கு வேலை இல்லை.

நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட அமைப்புகளின் வழியாக ஓடுகிறது. வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடங்களைப் பாருங்கள், தென்கிழக்கும் வடமேற்கும். ஒன்றில் டிவிஏ, இன்னொன்றில் பான்வில். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தென்கிழக்கில் பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் இதில் விருப்பமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மண்டலத்தின் முக்கால்வாசிக் கம்பி வைத்திருப்பவரைச் சட்டம் தொட முடியாது என்றால், அவர் விரும்பாமல் அங்கே மண்டல அமைப்பு எழாது. வடமேற்கில் கிரிட் வெஸ்ட் என்று ஒன்றைக் கட்ட ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். 2005-இல் பான்வில் கையை விரித்தது, முயற்சி அதோடு அடங்கிப்போனது. நாடு முழுவதும் ஒரே சந்தை விதி கொண்டுவர 2002-இல் ஃபெர்க் வைத்த திட்டத்தையும், தெற்கும் மேற்கும் போட்ட கூச்சலில் 2005-இல் திரும்பப் பெற்றார்கள்.

சேர்ந்த பிறகு என்ன ஆகும்

சேர்வது விருப்பம்தான். ஆனால் சேர்ந்துவிட்டால்?

நெப்ராஸ்காவின் பெரிய வாரியங்கள் 2009-இல் எஸ்பிபியில் சேர்ந்தன. மத்திய அரசின் மேற்குப்பகுதி மின் நிர்வாகம், தன் வடக்குச் சமவெளிக் கம்பிகளை 2015-இல் அதே அமைப்பில் இணைத்தது. சேரும்போது ஒப்பந்தம் போடுகிறார்கள். எங்கள் சட்டப்படியான விலக்கை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதில் எழுதிக்கொள்வார்கள். இருந்தாலும் மண்டல அமைப்பு ஃபெர்க்கின் முழு அதிகாரத்துக்கு உட்பட்டது. அதன் விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் ஃபெர்க் ஒப்புதல் பெற்றது. உறுப்பினர் அந்த விதிப்புத்தகத்தின்படி நடக்க ஒப்புக்கொள்கிறார்.

இதன் எல்லை எங்கே என்பதை லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் வெர்னன் என்ற ஊர் சோதித்துப் பார்த்தது. வெர்னன் ஒரு வினோதமான நகராட்சி. குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான், மற்றதெல்லாம் தொழிற்சாலை. ஆனால் சொந்த மின்துறை, கம்பிகளில் சொந்தப் பங்கு. கலிபோர்னியா மண்டல அமைப்பில் 2001-இல் வெர்னன் சேர்ந்தது. எங்கள் கம்பிக்கு ஆண்டுக்கு இவ்வளவு செலவு, அமைப்பு எல்லோரிடமும் வசூலித்துத் தர வேண்டும் என்று ஒரு தொகையை நகரசபை தீர்மானித்து அனுப்பியது. தொகை அதிகம் என்றது அங்கிருந்த பெரிய தனியார் நிறுவனம்.

வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இது இரண்டு முறை போனது. 2002-இல் நீதிமன்றம் சொன்னது: மண்டல அமைப்பு வசூலிக்கும் மொத்தக் கட்டணம் நியாயமானதா என்று பார்ப்பது ஃபெர்க்கின் கடமை, வெர்னனின் தொகை அதில் கலந்திருப்பதால் அதையும் பரிசீலிக்காமல் விட முடியாது. அதன்படி ஃபெர்க் பரிசீலித்து, தொகையைக் குறைத்து, அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னது. 2007-இல் அதே நீதிமன்றம், பரிசீலிப்பது சரி, நகராட்சியைப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடத்தான் உனக்கு அதிகாரம் இல்லை என்றது. மண்டல அமைப்பு என்ன வசூலிக்கலாம் என்று ஃபெர்க் சொல்லலாம். வெர்னன் கல்லாவுக்குள் கைவிட முடியாது.

கலிபோர்னியா நெருக்கடியின் கணக்கு

இதைவிடப் பெரிய பணம் புரண்ட வழக்கு ஒன்று உண்டு. 2000, 2001-இல் கலிபோர்னியாவின் புதுச் சந்தையில் மொத்த விலை வானத்துக்குப் போனது. முறைவைத்து மின்வெட்டு, பெரிய தனியார் நிறுவனம் திவால், என்ரான் என்ற எரிசக்தி வியாபார நிறுவனத்தின் தில்லுமுல்லு எல்லாம் பலருக்கு நினைவிருக்கும். அநியாய விலைக்கு விற்றவர்கள் திருப்பித் தர வேண்டும் என்று ஃபெர்க் உத்தரவிட்டபோது, அந்தப் பட்டியலில் ஊர் மின்துறைகளும் பான்விலும்கூட இருந்தன. அவர்களும் அதே ஏலத்தில், அதே விலைக்குத்தான் விற்றிருந்தார்கள்.

2005 செப்டம்பரில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் விலக்கு தெளிவாக எழுதியிருக்கிறது, அரசு அமைப்புகளிடம் ஃபெர்க் பணம் திருப்பிக் கேட்க முடியாது. ஒப்பந்த மீறல் என்று தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில், ஒரே சந்தையில், ஒரே விலைக்கு விற்ற இரண்டு பேரில் ஒருவர் திருப்பித் தர வேண்டும், இன்னொருவர் வேண்டாம். மின்சாரம் ஒன்றுதான், விற்றவரின் முதலாளி யார் என்பதுதான் வேறு.

அதே ஆண்டு வந்த எரிசக்திச் சட்டத்தில் நாடாளுமன்றம் இந்த இடத்தை ஓரளவு ஒட்டுப்போட்டது. ஆண்டுக்கு 800 கோடி யூனிட்டுக்கு மேல் விற்கும் பெரிய பொது நிறுவனங்கள், ஒழுங்குபடுத்திய சந்தையில் 31 நாளுக்கு உட்பட்ட குறுகிய கால விற்பனையில் விதியை மீறினால், இனித் திருப்பித் தர வைக்கலாம். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இதிலும் விலக்கு. பழைய கணக்குக்கு இது உதவவில்லை.

காற்றாலையும் சால்மன் மீனும்

2005 சட்டம் இன்னொரு பிரிவையும் சேர்த்தது, 211ஏ. விலக்கு பெற்ற நிறுவனம் தன் கம்பியைத் தனக்கு எப்படிப் பயன்படுத்துகிறதோ, அதற்கு ஒப்பான விலையிலும் விதியிலும் பிறருக்கும் தர வேண்டும் என்று ஃபெர்க் உத்தரவிடலாம் என்கிறது அது. சின்னவர்களுக்கு, அதாவது ஆண்டு விற்பனை 400 கோடி யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு, இது பொருந்தாது. “உத்தரவிடலாம்” என்று இருப்பதைக் கவனியுங்கள், “உத்தரவிட வேண்டும்” அல்ல.

ஆறு ஆண்டுகள் கழித்து இதை எடுத்து வீசும் சந்தர்ப்பம் வந்தது. 2011 வசந்தத்தில் மலைப்பனி நிறைய உருகி, கொலம்பியா ஆற்றில் வெள்ளம். அணையின் மதகு வழியே அளவுக்கு மீறித் தண்ணீரைத் திறந்தால் அதில் காற்று அதிகம் கரைந்து சால்மன் மீன்களைப் பாதிக்கும். ஆகவே தண்ணீரை முடிந்தவரை விசையாழி வழியாகவே விட வேண்டும். அப்படி விட்டால் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், வாங்க ஆளில்லை. அனல் மின்நிலையங்களிடம் பான்வில், “நீங்கள் அணைத்துக்கொள்ளுங்கள், எங்கள் மின்சாரத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்றது. எரிபொருள் மிச்சம் என்று அவர்கள் அணைத்தார்கள். காற்றாலைக்காரர்களுக்கு எரிபொருள் செலவே இல்லை. ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வரிச்சலுகை வேறு உண்டு. நிறுத்தினால் நட்டம், ஆகவே நட்டஈடு கேட்டார்கள். பான்வில் தர மறுத்து, மே மாதம் முதல் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றாமல் வெட்டத் தொடங்கியது.

உன் நீர்மின்சாரத்துக்கு இடம் பண்ண எங்கள் மின்சாரத்தை வெட்டுவது ஒப்பான சேவையா என்று கேட்டுக் காற்றாலைக்காரர்கள் ஃபெர்க்கிடம் போனார்கள். டிசம்பரில் ஃபெர்க் 211ஏ பிரிவைப் பயன்படுத்தி, விதியை மாற்றச் சொன்னது. அடுத்த ஆண்டு பான்வில் நட்டஈடு தரும் முறைக்கு வந்தது. மத்திய அரசின் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லலாம்.

ஆனால் இந்த ஆயுதம் அதிகம் வெளியே வருவதில்லை. டிவிஏவிடமிருந்து மின்சாரம் வாங்கி விநியோகிக்கும் நான்கு உள்ளூர் அமைப்புகள் 2021-இல் ஃபெர்க்கிடம் வந்தன. வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது, டிவிஏ தன் கம்பியில் அதை ஏற்றித்தர மறுக்கிறது, 211ஏ-ஐப் பயன்படுத்துங்கள் என்றன. கம்பிக்காக எல்போ லேக் போட்ட அதே சண்டைதான், எதிரில் நின்றது மட்டும் அரசு நிறுவனம். ஃபெர்க் மறுத்துவிட்டது. டிவிஏவின் வாடிக்கையாளர்களை வெளியார் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகாதபடி சட்டத்திலேயே ஒரு பழைய வேலி இருக்கிறது, அதன் உணர்வுக்கு மாறாகப் போக ஆணையம் விரும்பவில்லை. எனக்கு அந்த நான்கு அமைப்புகளின் பக்கம்தான் மனம் சாய்கிறது.

விலக்கே இல்லாத ஒரு இடம்

2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் மரக்கிளை பட்டுச் செயலிழந்த சில உயரழுத்தக் கம்பிகளில் தொடங்கி, எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஐந்து கோடிப் பேர் இருட்டில் உட்கார்ந்தார்கள். மின்தொகுப்பின் நம்பகத்தன்மைக்கான விதிகள் அதுவரை மனசாட்சிப்படி பின்பற்ற வேண்டியவையாக இருந்தன. 2005 சட்டம் சேர்த்த 215-ஆம் பிரிவு அவற்றைக் கட்டாயமாக்கியது. விதி எழுதுவது நெர்க் என்ற அமைப்பு, ஒப்புதல் தருவது ஃபெர்க். 2007 ஜூன் முதல் நடைமுறை. இதில் 201எஃப் கவசம் யாருக்கும் செல்லாது என்று சட்டமே சொல்லிவிட்டது. பெருந்தொகுப்பைப் பயன்படுத்துகிறவர், வைத்திருப்பவர், இயக்குகிறவர் எல்லோரும் கட்டுப்பட வேண்டும். தனியார், நகராட்சி, டிவிஏ என்ற பேதமில்லை.

அபராதத்தில் மட்டும் ஒரு சுளுக்கு. மத்திய அரசின் தென்மேற்கு மின் நிர்வாகத்துக்கு விதி மீறலுக்காக விதித்த அபராதத்தை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டுப்பட வேண்டும் சரி, ஆனால் மத்திய அரசிடம் பணம் பிடுங்க நாடாளுமன்றம் தெளிவாக அனுமதி தரவில்லை என்பது காரணம்.

புதுக் கம்பிக்கு யார் காசு

இன்றைய சண்டை முழுக்க இங்கேதான். 2011-இல் வந்த 1000-ஆம் உத்தரவு, மண்டலமாகக் கூடித் திட்டமிடுங்கள், பலன் பெறுகிறவர் செலவைப் பகிர வேண்டும் என்றது. பொது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பேச்சுவார்த்தைக்கு வரலாம், செலவில் பங்கு வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம்.

அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ பகுதிகளுக்கான திட்டமிடும் மண்டலம் வெஸ்ட்கனெக்ட். அங்கே ஊர் வாரியங்களும் கூட்டுறவுகளும் நிறைய. எல் பாசோவில் இருக்கும் தனியார் மின்நிறுவனம் எழுந்து கேட்டது: பக்கத்தில் இருக்கும் பொது நிறுவனத்துக்கும் பலன் தரும் கம்பியை நான் கட்ட வேண்டும், அவர் காசு தராமல் பலனை எடுத்துக்கொள்வார் என்றால் மீதிச் செலவும் என் வாடிக்கையாளர் தலையில்தானே? நியாயமான கேள்வி. எல்லோரும் சேர்ந்து திட்டமிட்டால்தான் நல்லது, வெளியேறும் கதவு திறந்திருந்தால்தான் பொது நிறுவனங்கள் உள்ளே வரும் என்பது ஃபெர்க்கின் பதில். அதுவும் நடைமுறைக்கு ஒத்த பதில்தான்.

ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இந்த ஏற்பாடு சரியென்று படவில்லை. 2016-இல் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. விளக்கம் போதவில்லை என்று 2023-இல் ஃபெர்க்கின் உத்தரவுகளை ரத்தே செய்துவிட்டது. பலன் பெறுகிறவர் செலவைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு சாராரை இலவசமாகப் பயணிக்க விட முடியாது. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்த விடவில்லை என்றால், அவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிட்டுச் செலவைத் தனியார் மேல் போடவும் கூடாது.

இதற்கிடையில் மேற்கில் பொது நிறுவனங்கள் தாமாகவே சந்தைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டன. நாளைய மின்சாரத்தை இன்றே வாங்கி விற்கும் இரண்டு புதுச் சந்தைகள் அங்கே போட்டி போடுகின்றன. ஒன்றைக் கலிபோர்னியா மண்டல அமைப்பும், மற்றதை ஆர்கன்சாவிலிருந்து எஸ்பிபியும் நடத்த வருகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பக்கம். இருபது ஆண்டுக்கு முன் கிரிட் வெஸ்டைக் கைவிட்ட பான்வில், 2025 மே மாதத்தில் எஸ்பிபியின் சந்தையைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சந்தையின் விதிப்புத்தகத்துக்கு ஃபெர்க் அதே ஆண்டு ஜனவரியில் ஒப்புதல் கொடுத்திருந்தது.